சும்மா இருந்த இரண்டு பேர்

மருமகள் நேற்று பாக்கெட் இறால் வாங்கி வந்தாள். தோல் உரித்து, சுத்தம் பண்ணி, விறைத்துக் கிடந்தது. மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. வாடை இல்லாதது என்ன இறால்! எழுபதுகளில் தூத்துக்குடியில் பஸ்ஸில் கால் வைத்ததுமே தெரிந்துவிடும், எந்த சீட்டில் இறால் உரிக்கிற கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

அந்த வருஷங்களில் எங்கள் தெரு தலைகீழாகக் கிடந்தது. படித்த ஆம்பிளைகள் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து வேலை தேடினோம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனார்கள். நான் பி.ஏ. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வரும்வரைதானே என்று அப்பாவோடு வள்ளத்தில் போனேன். வலை இழுத்துவிட்டு வந்து நிற்கும்போது யாராவது கேட்டால்கூட, "சும்மாதான் இருக்கேன்" என்பேன். எங்கள் பக்கம் கடலுக்குப் போவது 'தொழில்'. 'வேலை' என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்காருவது. நான் விசிறிக்கென்றே பிறந்தவன் என்று உறுதியாக நம்பினேன். அந்தக் கார்டு இன்னும் வரவில்லை.

தருவைகுளத்தில் பெண் பார்க்கப் போனோம். வழியெல்லாம் அப்பா, "ஏலே, கடலுக்குப் போறேன்னு வாய விட்டுராத. படிச்ச மாப்பிளன்னு சொல்லி வச்சிருக்கு" என்றார்.

அங்கே பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "பிள்ள வீட்டுல சும்மாதான் இருக்கா. வாசலத் தாண்ட மாட்டா."

புஷ்பம் காபி கொண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, பொடிப்பொடியாகக் காயம். பி.ஏ. படித்த வாய் சும்மா இருக்குமா? "விரல்ல என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"இறால் கொம்பு குத்துனது" என்றாள். டம்ளருக்காக நீட்டிய என் கையைப் பார்த்தாள். "உங்க கையில என்ன?"

"கயிறு அறுத்தது."

என் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அப்பாதான் முதலில் சிரித்தார். "ரெண்டு பேரும் சும்மா இருந்த லட்சணத்தப் பாரு!"

எல்லாம் கூடிவந்த நேரத்தில் என் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனிக்குப் போவ வேண்டாம்" என்றார். புஷ்பத்தின் முகம் விழுந்துவிட்டது. "போவேன் மாமி. அங்கனதான் எனக்குன்னு நாலு பேரு இருக்காவ" என்றாள் மெதுவாக. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போகட்டும்" என்றேன். பெரிய முற்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு ஆளாவது வேலைக்குப் போகிறது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாமே என்ற ஆசைதான். தெருவில் எனக்குக் 'கம்பெனிக்காரி மாப்பிள' என்று பட்டம் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

கம்பெனியை மூடும்வரை போனாள். அந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். வேன் இல்லை, அதற்குள்ளிருந்து தெருமுனை வரை கேட்கும் சிரிப்பும் இல்லை. போன வருஷம் புஷ்பமும் போய்விட்டாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மகன்கள் பெயருக்குக் கீழே வங்கி, கப்பல் ஏஜென்சி என்று போட்டிருந்தது. அவள் பெயருக்குக் கீழே 'இல்லத்தரசி'.

"இறால் கம்பெனித் தொழிலாளின்னு மாத்து" என்றேன்.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? ஊரு என்ன நினைக்கும்?" என்றான் மூத்தவன்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவனைச் சத்தம் போட்டேன். மாற்றினார்கள்.

அடக்கத்துக்கு வந்த அவளுடைய கம்பெனிச் சிநேகிதிகள் போஸ்டர் முன்னால் நின்றார்கள். ஒருத்தி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பக்கத்தில் நின்றவள், "ஏளா, அதையும் வேலைன்னு எழுதிட்டாவளா?" என்றாள்.

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.