மாப்பிள்ளைக்குக் கட்டிய காசு

சீதனம் ஒரு சதமும் தரமாட்டேன் என்று நான் சொன்னது அவரை முதன்முதல் சந்தித்த அன்றே. நல்லூரில் ஒரு ஐஸ்கிரீம் கடை. விடுமுறைக்குப் போன என்னை, மாப்பிள்ளை பார்க்கவென்று அம்மா அங்கே கூட்டிக்கொண்டு போய் இருத்தியிருந்தார். "முதலே சொல்லிப்போட்டன், பிறகு குறை சொல்லாதேங்கோ" என்றேன். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "நான் கேட்டனானோ?" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரைக் கட்டினேன் என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் உண்மை.

அவருடைய அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் கலியாணத்துக்கு ஒரு மகள் இருந்தாள். மகனுக்கு வருகிற சீதனத்தை வைத்து மகளைக் கரைசேர்ப்பதுதான் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கணக்கும். ஆனாலும் வெளிநாட்டுப் பெண், டென்மார்க் குடியுரிமைக்காரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர் விழுங்கிக்கொண்டார்.

நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்குத் திரும்பி வந்து, கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, பெரிய தொகையொன்றைப் பிணையாகக் கட்டவேண்டும் என்று. அதை வங்கி வருடக்கணக்கில் பூட்டி வைக்கும். அவர் இங்கே வந்து உதவிப்பணம் ஏதும் எடுத்தால் நகரசபை அதில் கழித்துக்கொள்ளும். அவர் டெனிஷ் மொழிச் சோதனையில் சித்தியடைந்தால் ஒரு பங்கை விடுவிப்பார்கள். நகரசபையில் இருந்த பெண் இதையெல்லாம் சிரித்த முகத்தோடு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.  ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். முதியோர் இல்லத்தில் இவர்களுடைய தாய் தகப்பனை எத்தனை வருடமாகக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி விடுகிறேன்! என்னுடைய புருஷனோடு இருக்க நான் காசு கட்டவேண்டுமாம்.

அம்மாவுக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "குடுக்கமாட்டன் எண்டு என்ன துள்ளுத் துள்ளினாய்! இப்ப பாத்தியே, டென்மார்க் உன்னட்டச் சீதனம் வாங்கிப்போட்டுது."

சிரித்தாலும் தன் காப்புகளைக் கழற்றித் தந்தது அவர்தான். வீடு வாங்கவென்று நான் சேர்த்ததும் அம்மாவின் காப்பு விற்ற காசும் சேர்ந்து வங்கிக்குள் போனது. என் கணவர் வந்து சேர்ந்தார். காலையில் மொழிப் பள்ளிக்கூடம், மத்தியானம் பஸ் ஏறி ஓகூஸ் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. யாழ்ப்பாணத்தில் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்த மனிதர். ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. எனக்குத்தான் காய்த்துப்போன அவருடைய கைகளைப் பார்க்க அந்தரமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவும் எங்களோடு சாப்பிட இருந்தபோது, மாமாவிடமிருந்து, இவருடைய அப்பாவிடமிருந்து, அழைப்பு வந்தது. இவர் ஃபோனை எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்திருக்கு. பொடியன் பாங்கிலை வேலை. அந்தக் காசை இப்ப எடுத்து அனுப்பினியள் எண்டால் தையிலை முடிச்சுப்போடலாம்."

"எந்தக் காசு மாமா?"

"மகனுக்கெண்டு பாங்கிலை போட்ட காசு. உங்கட அம்மா சொன்னவா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திடீரென்று மீன் குழம்பில் முள்ளுத் தேடத் தொடங்கிவிட்டார். சம்பந்தி வீட்டார் எதற்கோ கொஞ்சம் இளக்காரமாகக் கதைத்தார்களாம். அம்மாவுக்கு ரோசம் வந்து, 'உங்கட மகனுக்காக நாங்கள் பாங்கிலை போட்டிருக்கிற காசு தெரியுமோ' என்று விளாசியிருக்கிறார். போதாதா? அங்கே அதைச் சீதனம் என்றே எடுத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்கும் குடுத்தாயிற்று.

"மாமா, அது பிணைக் காசு. இவரைக் கூப்பிடுறதுக்கு அரசாங்கத்துக்காகக் கட்டினது. தலைகீழாய் நிண்டாலும் எடுக்கேலாது."

"மாப்பிளைக் காசை ஆரும் அரசாங்கத்திட்டக் குடுப்பினமோ பிள்ளை? எங்களுக்குக் கதை விடாதேங்கோ."

நான் விளக்கினேன். கத்தினேன். இவரும் விளக்கினார். மாமா கேட்கிற மனநிலையில் இல்லை. "நான் சபையிலை தலை குனியோணும் எண்டால் குனியிறன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இவர் கதைப்பதே குறைந்துபோயிற்று. கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு சனிக்கிழமை நான் கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றார்.

"நீர் கோவிக்காதையும். நான் திரும்பிப் போனா அந்தக் காசு விடுபடும்தானே?"

பகிடியாக்கும் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மொழிப் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ விசாரித்திருக்கிறார். வதிவிட அனுமதியை விட்டுவிட்டுப் போனால் பிணையும் முடிந்துவிடுமாம். "காசை நீர் எடுத்துத் தந்தா அவளின்ரை கலியாணத்தை முடிச்சுப்போட்டு, கொஞ்ச வருசத்தாலை திரும்பவும் முயற்சி செய்யலாம்" என்றார்.

"போங்கோ! இண்டைக்கே போங்கோ! பெட்டியை நான் அடுக்கித் தாறன்!" என்று கத்தினேன். கத்தி முடிந்ததும் வந்ததோ பயம். அவர் உண்மையாகவே போய்விடுவார் என்ற பயம். திரும்பவும் பிணை கட்ட என்னிடம் என்ன இருக்கிறது? திரும்பவும் விடுவார்கள் என்று யார் சொன்னது?

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்து வருவேன், கதவைத் திறந்ததும் அவருடைய குளிர்ச்சட்டை கொழுவியில் தொங்குகிறதா என்று பார்ப்பேன். அவர் வேலையில் இருக்கிற நேரம் தொங்காதுதானே, மடைச்சி, என்று என்னையே திட்டுவேன். பிறகு அலுமாரியைத் திறந்து பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். துடைத்த அடுப்பைத் திரும்பவும் துடைப்பேன். இல்லத்தில் ஒரு கிழவருக்குக் காலுறையை மாட்டிவிட்டு, மற்றக் காலுக்கு மாட்டாமலே எழும்பி வந்துவிட்டேன். அவர் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. இதற்கிடையில் இவருடைய ஃபோனில் விமானச் சீட்டு விலை பார்த்த பக்கம் திறந்தபடி கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

மாப்பிள்ளை வீட்டார் முடிவு கேட்டு நெருக்கிய கிழமையில், மச்சாள் எனக்கு வீடியோவில் அழைத்தாள். அவருடைய தங்கச்சி. ஒரு ரியூசன் நிலையத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். என்னோடு அதுவரை நாலு வார்த்தைக்கு மேல் கதைத்ததில்லை. அன்று இவருக்கு விடுமுறை; என் பின்னால் கதிரையில் இருந்து டெனிஷ் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"மச்சாள், அண்ணா திரும்பி வரப்போறாராம், அப்பா சொன்னார். அவர் வந்தா நான் இந்தக் கலியாணத்துக்குக் கழுத்தை நீட்டமாட்டன். சொல்லிப்போடுங்கோ."

"நீரே சொல்லுமன்."

"அவர் நான் எடுத்தா ஃபோன் எடுக்கிறேல்லை."

அவருடைய பேனை நின்றது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்டு கேக்கட்டே, மச்சாள்?"

"கேளும்."

"அண்ணாவோட சீவிக்கிறதுக்கு நீங்கள்தானே காசு கட்டினது? அரசாங்கம் கேட்டது, நீங்கள் கட்டினீங்கள்."

"ஓம்."

"அவ்வளவு விருப்பமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்னை?"

அவளும் சிரித்தாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் பக்கத்தில் திருப்பிக்கொண்டு சொன்னாள். "என்னோட சீவிக்க வாறவர் எங்களிட்டத்தான் காசு கேக்கிறார். நான் அவரோட ரெண்டு தரம் கதைச்சனான். ரெண்டு தரமும் காசைப் பற்றித்தான். எனக்காக ஒருத்தர் அப்பிடிக் கட்டுவாரோ, மச்சாள்?"

 கட்டுவார் என்று சொன்னால் பொய். கட்டமாட்டார் என்று எப்படிச் சொல்வது?

இவர் எழும்பி வந்து என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். 

"நான் வரமாட்டன், தங்கச்சி."

"அப்ப சரி, இந்தக் கலியாணமும் போச்சு" என்றாள் அவள். நல்ல சந்தோஷமான குரல். அவருக்குச் சோதனை எப்போது என்று கேட்டாள், சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் கிடைக்காமல், எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.