வேலிக்குள் மட்டும் இருந்த ஈரம்

சாட்டிலைட் கோடும் தரை சென்சார் கோடும் கிராஃபில் ஒட்டிக்கொண்டு ஓடிய அன்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார்கள். எனக்கு அது இறங்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் அந்த சென்சார் புதைத்திருந்த ஊரைத் தாண்டித்தான் வந்திருந்தேன். மக்காச்சோளம் இலை சுருண்டு நின்றது. கிராஃபோ மண் நல்ல ஈரம் என்றது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் மானாவாரி நிலங்களில் சென்சார் புதைத்து, சாட்டிலைட் சொல்லும் ஈரம் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. சாட்டிலைட் ஒரு பிக்சலுக்கு ஒரே எண்தான் தரும். மலையடிவாரத் தென்னந்தோப்பு, கண்மாய், காய்ந்த சோளக்காடு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். இரண்டு அளவும் ஒத்துப்போகிற ஊர்களுக்கு இனி யாரும் நேரில் போக வேண்டாம், சாட்டிலைட்டை வைத்தே வறட்சி நிவாரணப் பட்டியல் போடலாம் என்பது திட்டம். அந்த ஊர் ஒத்துப்போய்விட்டது. அதாவது, பட்டியலில் இருக்காது.

மறுநாள் போனேன். சென்சார் இருந்த நிலம் மாரியம்மா அக்காவுடையது. ஆடு மிதிக்காமலிருக்க சென்சாரைச் சுற்றி நாங்கள் போட்டிருந்த கம்பி வேலிக்குள் ஒரு முருங்கைக் கன்று. அதற்குப் பாத்தி கட்டி, பாத்தி நிறையத் தண்ணீர். சென்சார் அதற்கு நேர் கீழே.

"இந்தக் காட்டுல ஆடு வாய் வைக்காத எடம் இது ஒண்ணுதான்" என்றார் அக்கா. "தெனம் ஒரு கொடம் ஊத்துதேன். நீ நட்ட கம்பியா வளரப் போகுது? முருங்கையாவது வளரட்டும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டேட்டா போனுக்கே வருகிறதென்று மூன்று மாதமாக நான் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

வேலிக்கு வெளியே நான்கு இடத்தில் மண்ணை டப்பாவில் எடுத்து, ஆபீஸ் ஓவனில் காயவைத்து எடை போட்டேன். காயவைப்பதற்கு முன்னும் பின்னும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. காய்வதற்கு அதில் ஈரமே இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "இப்பத்தான் மேட்ச் ஆகியிருக்கு, கெடுக்காதம்மா" என்றார். "ஒரு முருங்கைக் கன்னுக்காக ரிப்போர்ட்டை மாத்துவாங்களா? உனக்கு ஊர்ப்பாசம். சயின்ஸ்ல அதெல்லாம் கூடாது."

இதே சென்சார் முன்பு வறட்சி காட்டியபோது, வயர் சரியா, நான் புதைத்தது சரியா என்று இரண்டு தடவை வெயிலில் அனுப்பியவர் இவர்தான். ஈரம் காட்டியபோது யாரும் எதையும் கேட்கவில்லை. வறட்சி என்றால் என் கைக்கோளாறு, ஈரம் என்றால் சயின்ஸ்.

"சார், சாட்டிலைட் சரியான்னு சொல்ல வேண்டியதே அந்த சென்சார்தான். அது முருங்கைத் தண்ணியைக் காட்டுது" என்றேன். அவர் ரிப்போர்ட் தாளை என் பக்கம் தள்ளினார். களப் பணியாளர் கையெழுத்து இல்லாமல் அது மேலே போகாது.

எங்கள் வீட்டில் பத்திரத்திலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாம் கைநாட்டு. கையெழுத்து என்று ஒன்று போட்ட முதல் ஆள் நான். அதைப் பொய்க்குக் கீழே போடுவதற்காக என்னை அவர்கள் படிக்கவைக்கவில்லை. 'வேலிக்குள் தினமும் தண்ணீர் ஊற்றப்பட்டது. இந்த அளவு செல்லாது' என்று தாளிலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். டப்பா எடைகளையும் சேர்த்துப் பின் அடித்தேன்.

மேனேஜர் வேறு வழியில்லாமல் அந்தத் தாளை அப்படியே மேலே அனுப்பினார். அந்த ஊர் ஒத்துப்போன கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. அதிகாரிகள் நேரில் வந்தார்கள். ஒருவர் மண்ணை அள்ளினார். அது விரலிடுக்கில் பொடியாக உதிர்ந்தது. ஊர் பட்டியலில் ஏறியது.

கன்றைப் பிடுங்கிவிடவா என்று மாரியம்மா அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். சென்சாரைத் தோண்டியெடுத்து, தள்ளிப் புதைத்து, ஆடு கடிக்காமலிருக்க வயரைக் குழாய்க்குள் விட்டேன். வேலி இப்போது முருங்கைக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத நாளில் உங்களை எப்படியும் அனுப்புவார்கள். ஒத்துப்போகிற நாளில் நீங்களாகவே பஸ் ஏறுங்கள்.