ஒன்பது நொடிக் கதவு

என் வீட்டுக்காரர் சினிமாவில் எடிட்டர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் கத்தரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. நாயகி திரும்பிப் பார்க்காமலே போகிறாளே என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "திரும்பின ஷாட்ல மைக் தெரிஞ்சிருக்கும், தூக்கியிருப்பாங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி ஐந்து வருடத்தில், கதையில் வரும் ஒருத்தர் மனசைப் பற்றிக்கூட அவர் வாய் திறந்ததில்லை.

தன் மனசைப் பற்றியும்தான். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, அவருடைய அக்கா அப்பாவோடு சண்டை போட்டு, பிடித்தவரைக் கட்டிக்கொள்ளப் பெட்டியோடு கிளம்பியிருக்கிறாள். வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அக்காவின் பிறந்தநாளன்று ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

போன மாதம் இவர் எடிட் செய்த படம் வெளியானது. அதிலும் ஒரு அக்கா வீட்டை விட்டுப் போகிறாள். தம்பி வரவில்லை, மூடிய கதவு மட்டும் ஒன்பது நொடி. அது ஆணவத்தின் கதவு என்று ஒருவர் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியாக நடித்தவர் அன்று ஷூட்டிங்குக்கே வரவில்லையாம். இவர்தான் வேறு காட்சிக்கு எடுத்த கதவை ஒட்டிவிட்டாராம்.

நேற்று இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. நாத்தனார்! இவர் கையெல்லாம் சோப்பு. நானே ஸ்பீக்கரில் போட்டேன்.

"படம் பாத்தேன். அந்தத் தம்பி ஏன்டா வாசலுக்கு வரல?"

ஏழு வருடம் கழித்து முதல் பேச்சு. இவர் புத்தி எங்கே போகும்?

"அந்த ஆக்டர் அன்னிக்கு வரலக்கா. இருக்கறத வெச்சு ஒப்பேத்தினோம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அது படம் எடுத்த உங்க பாடு. வாசல்ல நின்னவளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவ கூப்பிட்டா. உள்ள இருந்தவன் வரல. அவனுக்குன்னு ஒரு காரணம் இருக்கும்ல?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன்.

"பயம்க்கா," என்றார். "அக்கா மொகத்தப் பாத்தா கூடவே கெளம்பிடுவோம்னு பயம். அப்பா தனியாயிடுவாரேன்னு. கதவுக்குப் பின்னாலயேதான் நின்னுட்டிருந்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவன ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு," என்றாள்.