நெம்மேலியில் என் பங்கு

தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனி ஒன்றின் பங்குகளை நான் வாங்கியது தம்பி சொல்லித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் கூடுவாஞ்சேரி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். கீழே அடுக்ககத்துத் தொட்டியில் லாரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இனிமே எல்லாமே தண்ணிலதான்க்கா கீது. நெம்மேலி பிளான்ட் மாதிரி ஊருக்கு ஊரு வரப்போவுது. இந்தக் கம்பெனில கொஞ்சம் போட்டு வை."

செங்கல்பட்டில் கணக்கு டீச்சராக இருப்பவள் நான். பங்குச் சந்தை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவனே என் போனில் கணக்குத் திறந்து வாங்கிக் கொடுத்தான்.

சில வாரம் கழித்து மாமல்லபுரத்தில் உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்தம். திரும்பும் வழியில் நெம்மேலியில் மீன் வாங்க காரை நிறுத்தினோம். கொஞ்ச தூரத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலை. அதன் சுவரைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உள்ள போய் ஓனரம்மா வந்திருக்காங்கன்னு சொல்லேன்" என்றார் கணவர்.

சங்கரா மீனை எடைபோட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "நீங்களா ஓனரு?"

"சின்னதா ஒரு பங்கு இருக்கு."

"அப்ப ஒண்ணு சொல்லும்மா. தண்ணிலேர்ந்து உப்ப எடுத்துடறாங்களே, அந்த உப்பு இன்னா ஆவுது? மூட்ட கட்டி விக்கிறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

"பங்கு இருக்குன்ற, தெரியலன்ற" என்று சொல்லிவிட்டு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. கம்பெனியின் ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வந்தபோது அதில் உப்பைத் தேடினேன். புரிந்த பக்கங்களில் உப்பு இல்லை, மற்றவை புரியவில்லை. பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வீடியோவில் பேசலாம் என்று கடைசியில் போட்டிருந்தது. பேச்சாளராகப் பதிவு செய்துவிட்டேன்.

கூட்டத்தன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் தலைவரைப் புகழ்ந்தார்கள். ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி கெஞ்சினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நெம்மேலியில் பிரித்தெடுக்கும் உப்பை நாம் என்ன செய்கிறோம்?" என்று பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டேன். 'நாம்' என்றுதான் சொன்னேன்.

பிறகு ஓர் அதிகாரி, மிகவும் மரியாதையாக, நெம்மேலி ஆலைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்றார். கடல்நீர் வேலையே அவர்கள் செய்வதில்லையாம். வட மாநிலங்களில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களாம். நல்ல கேள்வி கேட்டதற்கு நன்றியும் சொன்னார்.

பின்னால் காப்பி டம்ளரோடு நின்ற கணவர் கேட்டார்: "அப்போ நாம வாங்கியிருக்கிறது சாக்கடையா?"

தம்பிக்குப் போன் போட்டேன்.

"நெம்மேலி மாதிரின்னுதானேக்கா சொன்னேன்? எந்தத் தண்ணியா இருந்தா இன்னா? வெல ஏறிகினுதானே கீது?"

ஏறித்தான் இருந்தது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. விற்றுவிடலாம் என்று போனைத் திறப்பேன். எதற்காக விற்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். போனை மூடிவைப்பேன். கம்பெனியின் இணையதளத்தில் ஒரு இன்ஜினியர் தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். அதை நான் குடிப்பேனா? எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு மட்டும் விடலாம் என்று பேச்சு வந்தபோது, கூடாது என்று முதலில் கை தூக்கியவளே நான்தான்.

அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதே பேச்சு மறுபடி வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். பிறகு எதிர்ப்பவர்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

"டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?" என்றார் செயலாளர்.

"தெரியல சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. பங்குகளை இதுவரை விற்கவில்லை.