சாக்பீஸ் கோடு நகர்ந்த மதியங்கள்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பார்த்தவன் நான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகல், மணி 2.15. அர்ஜென்டினாவில் எங்கள் எந்த்ரே ரியோஸ் பக்கம் அந்த நேரத்தில் நாய்கூட எழுந்திருக்காது. மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு ஸ்பானரைத் தூக்குபவன் கிறுக்கன். ஊருக்கு ஒருவன் போதும். நான் இருந்தேன்.

மகள் நெலிதாவுக்குக் கல்யாணம். பத்தே நாள். மாதா கோயிலுக்கு அவளைப் பழைய டிராக்டரில் அழைத்துப்போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அமாந்தா என்ற விதவையிடம் வாங்கிய வண்டி. இருபது வருஷம் கொட்டகையில் கிடந்து, இன்ஜின் இறுகிப் போயிருந்தது.

மெக்கானிக் இர்மா எட்டிப் பார்த்தாள். "சிலிண்டர்ல டீசல ஊத்திட்டுச் சும்மா விடு. அவசரப்பட்டுச் சுத்துன, உடைஞ்சிரும். பொண்டாட்டிய சமாதானம் பண்ற மாதிரி பொறுமையா இரு, எர்வின்."

"அதுக்கே பத்து நாள் பத்தாதே, இர்மா."

ஊற்றினேன். இன்ஜின் அசைந்தால் தெரியட்டும் என்று அதோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் 2.15. கோடு ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. டீசல் வேலை செய்கிறது என்று குதித்தேன். டீசல் துருவை இளக்கும். சக்கரத்தையா சுற்றும்?

அதற்கடுத்த நாளும் ஒரு விரற்கடை. மனைவியைக் கேட்டேன்.

"எல்சா, வண்டியத் தொட்டியா?"

"அந்தக் கழுதையவா? உங்களத் தொடவே எனக்கு நேரமில்ல."

ஒன்பதாம் நாள், கல்யாணத்துக்கு முந்தின மதியம். தகரக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

2.15.

க்ரீச்...

இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப முன்னால் செருகியிருந்த கைப்பிடி நகர்ந்தது. தானாக... மெதுவாக... அதற்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

யாரோ மூச்சு வாங்கினார்கள். நான் இல்லை. நான் மூச்சே விடவில்லை.

டக்.

கிட்டே போனேன். கைப்பிடியில் வியர்வை ஈரம். கியரைப் பார்த்தேன். காலையில் நியூட்ரலில் விட்டது... இப்போது முதல் கியரில். அப்படியே கிளப்பினால், முன்னால் நின்று சுற்றுகிறவன் மேல்தான் வண்டி பாயும்.

ஓடினேன்.

மறுநாள் நெலிதா மணப்பெண்ணாக வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "நடந்தே போலாம்பா. செருப்பு கடிச்சா நீ தூக்கிக்கோ." பாதி வழி தூக்கித்தான் போனேன். அழுததை வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

விருந்தில் அமாந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டி கிளம்பலையா? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், தினம் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்துனாரு. பத்தாம் நாள் கிளம்பிருச்சு. கியர்ல இருந்திருக்கு. செவுத்தோட வெச்சு நசுக்கிருச்சு."

"கியரப் பாக்காமயா சுத்துனாரு?"

அமாந்தா தட்டைக் கீழே வைத்தார்.

"பாத்தாரு. நியூட்ரல்ல போட்டதே நான்தான். அதுக்கப்புறம் கியர யாருமே தொடல."