சந்தி தாண்டும் வரை கூட வந்த நசீர் நானா

நசீர் நானா மௌத்தாகிவிட்டார். காலமான செய்தியைக் காலையில் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன்... கையில் இருந்த வேலை அப்படியே நின்றுவிட்டது.

கண்டி டவுனில், ஒரு பாமசிக்கு மேல் மாடியில் குடியை விட உதவுகிற சென்டர் ஒன்று இருக்கிறது. அங்கே கவுன்சலராக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. எத்தனையோ வீடுகளுக்கு அவரைத் தெரியும். வெளியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லிவிடுகிறேன். நம்ம விஷயத்தை எழுதவா என்று என் வீட்டுக்காரரிடம் காலையிலேயே போனில் கேட்டேன். "எழுது. நான் குடிச்சது தோட்டத்துக்கே தெரியும். விட்டதும் தெரியட்டுமே" என்றார்.

இவருக்கு வேலை கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில். வீடு கலஹா பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அந்தக் காலத்தில் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்த நாளே கிடையாது.

முதல் நாள் சென்டருக்குப் போகும்போது சாரம், துவாய், டூத்பிரஷ், ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ் எல்லாம் பையில் கட்டிக்கொண்டு போனேன். வார்டில் சேர்க்கிற மாதிரி. மூன்று மாதம் பூட்டி வைத்து, புது ஆளாகத் திருப்பித் தருவார்கள் என்று நினைப்பு!

நானா பையைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, இங்க பூட்டி வெக்கிற ரூம் ஒண்டும் இல்ல. இவர் வீட்டிலேந்தே வந்து போகட்டும்."

எனக்கு வந்த ஆத்திரம்... வீட்டில் இருந்துகொண்டே ஒரு மனுஷன் எப்படித் திருந்துவார் என்று சண்டை போட்டேன்.

"அவர் கடைசி வரைக்கும் இருக்கப் போறது வீட்டில தானே" என்றார்.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், சில பேருக்கு வலிப்பும் வரும், அதனால் முதலில் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தரம் இவரோடு தனியாகப் பேச்சு, சனிக்கிழமை மற்றவர்களோடு குரூப். இதெல்லாம் சரிவராவிட்டால் தங்கியிருந்து வைத்தியம் செய்கிற இடத்துக்கு அவரே அனுப்பி வைப்பார். வீட்டு ஆட்களுக்கும் ஒரு கிளாஸ் உண்டு, நானும் வர வேண்டுமாம்.

குடித்தது இவர், நான் எதற்கு என்று கேட்டேன். ஆனாலும் போனேன். போய் உட்கார்ந்ததும் அழுதேன் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. நானா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச மாதம் நன்றாகப் போனது. அப்புறம் வந்தது மேல்மலை முனியாண்டி பூசை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்... சாமிக்குச் சுருட்டும் சாராயமும் வைப்போம். பூசை முடிந்ததும் பூசாரி ஆம்பிளைகளுக்குக் கையில் கொஞ்சம் ஊற்றுவார். கடைச் சாராயம்தான் கூடாது, இது சாமியுடையது, வேண்டாம் என்றால் குற்றம் என்று என் மாமியார் நம்பினார். இவரும் நம்பினார். கையை நீட்டினார். பொழுது சாய்வதற்குள் ரோட்டோரச் சாக்கடைக் கானில் கிடந்தார்.

அதற்குப் பிறகு வெட்கத்தில் சென்டர் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

நானா பஸ் ஏறி லயத்துக்கே வந்தார். யாரையும் ஏசவில்லை. மாமியாரிடம் உட்கார்ந்து பூசை எப்படி நடக்கும் என்று முதலிலிருந்து கேட்டார். பிறகு இவரைக் கூட்டிக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

பூசாரிக்குக் கோபம். எங்க சாமி விஷயத்துல நீங்க எதுக்கு பாய் தலையிடுறீங்க என்றார்.

"நான் சாமியப் பத்திப் பேச வரல்ல ஐயா. சாமிக்கு வெக்கிறத வைங்க. இந்தத் தம்பிக்கு மட்டும் திருநீறு குடுங்க, போதும்."

பூசாரி இவரை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் உள்ளே பார்த்து, பாய்க்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

அடுத்த வருஷப் பூசையில் போத்தலைத் திறப்பதற்கு முன்பே இவரைக் கூப்பிட்டுத் திருநீறு பூசி, பொங்கல் பானையைக் கையில் கொடுத்து, "கீழ கொண்டு போ" என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கும் அந்தப் பானை இவர் பொறுப்புதான்.

ஆனால் சம்பள நாள்தான் பெரிய கண்டம். கலஹா பஸ் வழியில் ஒரு சந்தியில் கொஞ்ச நேரம் நிற்கும். எதிரிலேயே ஒரு சாராய பார். சட்டைப் பையில் சம்பளம்.

நானாவின் வீடு அக்குறணைப் பக்கம், முழுக்க எதிர்த் திசை. இருந்தும் சம்பள நாளில் இவரோடு கலஹா பஸ்ஸில் ஏறுவார். கிரிக்கெட் பேசுவார். சந்தி போனதும் எனக்கு ஒரு கோல். "தங்கச்சி, சந்தி தாண்டிட்டு. சோத்தப் போடுங்க." அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, கண்டி பஸ் பிடித்துத் திரும்பிப் போவார். மழையிலும்.

சீனி வருத்தத்தில், அதுதான் சர்க்கரை நோயில், கால் முடியாமல் போன பிறகு பஸ்ஸுக்கு வரவில்லை. ஆனால் பஸ் சந்தியில் நிற்கிற நேரம் பார்த்து இவருக்குப் போன் எடுப்பார், தாண்டும் வரை பேசிக்கொண்டே இருப்பார். போன மாதமும் பேசினார்...

இன்றைக்குச் சம்பள நாள்.

இவர் கடையிலிருந்து நேராக நானாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் போனார். மய்யவாடியில் மண் போட்டுவிட்டு, கலஹா பஸ்ஸில் ஏறியதாக மெசேஜ் வந்தது. மனசு உடைந்திருக்கிற நாள். பஸ்ஸில் தனியாக வருகிறார், போனிலும் யாரும் இல்லை. நான் நினைத்தால் கோல் எடுத்திருக்கலாம். கை வரவில்லை. சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இப்போதுதான் போன் அடித்தது. பின்னால் பஸ் சத்தம்.

"சந்தி தாண்டிட்டேன்" என்றார். "சோத்தப் போடு."

நானா... தாண்டிட்டாராம். போயிட்டு வாங்க.

நான் சோறு போடப் போகிறேன்.