வராத மூன்று இதழ்கள்

வாயில் நாலு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் சஃபியா நாவல் படிப்பார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் ஒரு கை, மடியில் புத்தகம். ரவிக்கையில் ஒரு கை மூட்டினால் இரண்டு பக்கம். பிறகு அடுத்த கை.

"ரவிக்கை தைக்கிறீங்களா, பொஸ்தகம் தைக்கிறீங்களா?" என்றார் துணி வாங்க வந்த பெரியநாயகி.

"ஒங்க ரவிக்கைல கதை ஒண்ணும் இல்லையே!"

சஃபியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காரைக்காலில் எங்கள் அடுத்த வீடு. அளவு நாடா கிடையாது. ஆளைப் பார்த்தே வெட்டுவார். ரவிக்கை இறுக்கிப் பிடித்தால், "சோத்தைக் கொறைங்க" என்பார். நாவலில் வரும் தளபதியை முதல் தடவை படித்தபோது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. "வாய்ப்பேச்சுத்தான் இவனுக்கு."

முதல் தடவை, இந்த நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அப்போது அவர் மனதுக்குள் படித்ததில்லை. என் உம்மா அஜீசுன்னிசாவுக்குக் கண்ணில் புரை, காதும் மந்தம். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுக்காக சஃபியா உரக்கப் படிப்பார். தெருவே கேட்கும்.

1954இல் உம்மா படுக்கையில் விழுந்தார். இங்கே அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எல்லையில் கெடுபிடி. மூன்று வாரம் பத்திரிகை வரவில்லை. கதை நின்ற இடம் மோசமானது. யானைப்பாகன் மகள் கோட்டைச் சுரங்கத்தில் அடைபட்டிருக்கிறாள். அகழித் தண்ணீர் கழுத்து வரை ஏறிவிட்டது.

"அந்தப் புள்ள வெளிய வந்துச்சா?" உம்மா வேறெதுவும் கேட்கவில்லையாம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சஃபியா பழைய இதழ் ஒன்றை விரித்து, அதில் இல்லாததைப் படித்தார். பெண் மதகுப் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் வடிந்தது. வெளியே வந்துவிட்டாள்.

"எம்மவன் வேல" என்று உம்மா சிரித்தாராம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். நான் திருச்சியில் மதகு, வாய்க்கால் கட்டும் வேலை படித்துக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தேன்.

அதன்பின் சஃபியா அந்தப் பத்திரிகையைத் தொடவில்லை. இந்த ஆண்டு நாவல் புத்தகமாக வந்ததும் வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னார்.

"மவுத்தாப் போறவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், தம்பி. அந்தப் புள்ள செத்திருந்தா, மறுமையில லாத்தா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" உம்மாவை அவர் லாத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார்.

"அந்த எடத்தை மட்டும் புரட்டிப் பாத்துடுங்களேன், மாமி."

"திருட்டுத்தனமாவா? மொதல்லேருந்து படிச்சுக்கிட்டே போறேன். வர்றப்ப வரட்டும்."

எனக்கும் புரட்டிப் பார்க்கத் துணிவில்லை.

நேற்று நெடுங்காட்டில் வேலை முடித்து வந்தபோது தையல் சத்தம் இல்லை. உள்ளே போனேன். சஃபியாவின் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்தது.

"வந்துட்டா, தம்பி. மதகு இல்ல. காவக்காரன் ஒருத்தன் செவுத்தை இடிச்சுத் தூக்கி விட்டுட்டான். எப்படியோ, வந்துட்டா."

அந்த ஆழத்தில் மதகுப் பலகையை ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது. அதை நான் சொல்லவில்லை. உம்மா போன பிறகு, இந்த நான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டேன்.

சஃபியா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து, தெருவே கேட்கும்படி, உரக்கப் படிக்கத் தொடங்கினார்.